சுதேசி டைம்

ஸ்ரீராம்புரத்தில் அந்தக் காலத்தில் கடிகாரம் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ரங்கா வீடும் ஒன்று. அது ருக்குவின் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த டைம்பீஸ். சாவி கொடுப்பது ருக்கு, தூசி துடைப்பது ருக்கு. ஆனால் மணி பார்க்கத் தெரிந்தவன் ரங்கா, ஆகவே பெருமை முழுக்க அவனுக்கு.

மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தவரை அந்தப் பெருமையை யாரும் சீந்தவில்லை. விடியுமுன் ஒரு சங்கு, வேலை ஆரம்பிக்க ஒரு சங்கு, சோற்றுக்கு ஒரு சங்கு. அடுப்பு மூட்டுவதும், பிள்ளைக்குத் தலை வாருவதும், பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவதும் சங்குக் கணக்கில் நடந்தன. உலகச் சண்டை பர்மா வரைக்கும் வந்ததும் சர்க்கார் அதை நிறுத்திவிட்டது. இனிமேல் சங்கு ஊதினால் ஆகாயத்தில் ஜப்பான்காரன் வருகிறான் என்று அர்த்தம், வேறு எதற்கும் ஊதக்கூடாது என்று உத்தரவு. வீதியே காது போனவள் மாதிரி ஆகிவிட்டது. அது போதாதென்று செப்டம்பர் மாதம் பிறந்ததும் ஊரில் உள்ள கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள். நேற்று எட்டு மணியாக இருந்தது இன்றைக்கு ஒன்பது. ஜனங்கள் அதற்குச் சண்டை டைம் என்று பேர் வைத்தார்கள்.

அன்றிலிருந்து ரங்காவுக்கு யோகம். தறிக்கூடத்தில் மேஸ்திரியோடு வாய்ச்சண்டை போட்டு வேலையை விட்டவன், அதன்பிறகு வேலை தேடிக்கொண்டே இருந்தான். எங்கே தேடினான் என்று கேட்டால், பாய் டீக்கடை பெஞ்சில். டீக்கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவனிடம் மணி கேட்டார்கள். "பழைய டைமா, சண்டை டைமா? எதுல வோணும்?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் சொல்வான். இப்படி மணி சொல்லியே அவன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கமிட்டிக்குப் பிரசிடெண்ட் ஆனான். மற்றத் தகப்பன்களுக்கு வேலைக்குப் போகவேண்டியிருந்தது, நின்று பேச நேரமில்லை. நேரம் ரங்காவிடம்தான் கொட்டிக் கிடந்தது.

பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். முன்னால் வண்டிப்பாதை, அதைத் தாண்டினால் ரயில் தண்டவாளம். சண்டைக்கு முன்பு அந்தப் பக்கத்து லைனில் புல் முளைத்துக் கிடக்கும். இப்போது நாள் முழுக்கக் கூட்ஸ் பெட்டிகள் வந்து நின்றன, போயின. பெட்டியிலிருந்து சிந்தும் நிலக்கரியைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு நாள் ஒரு கன்றுக்குட்டி அடிபட்டுச் செத்தது. தலைமை ஆசிரியை டோரதி டீச்சர் அன்றைக்கே பெற்றோரைக் கூட்டினாள். அவள் லிங்கராஜபுரத்திலிருந்து வருகிறவள், ஒல்லியான ஆள், குரல் மட்டும் வெண்கலம்.

"நான் பெரிசா ஒண்ணும் கேக்கலை. மணி அடிக்கிறதுக்கு முன்னால பிள்ளையை ஸ்கூல் கேட்டு வரைக்கும் கொண்டு வந்து விடுங்க. உள்ளே போயாச்சான்னு பாத்துட்டுப் போங்க. சங்கு ஊதினா பெஞ்சுக்கு அடியில குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கணும்னு பழக்கி வச்சிருக்கேன். அந்த நேரம் நீங்க யாரும் ஓடி வரக்கூடாது. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு நான் பொறுப்பு."

ரங்கா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். ஒழுங்கு, கட்டுப்பாடு, வருங்காலப் பிரஜைகள் என்று மூச்சு விடாமல் பேசினான். முடிவில், பிரார்த்தனை முடிந்ததும் கேட்டில் சங்கிலி போட்டுவிடவேண்டும், அதற்குமேல் வருகிற பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையானாலும் திருப்பி அனுப்பிவிடவேண்டும் என்றான்.

"திருப்பி அனுப்பினா அது எங்கே போகும்? வீட்டுல பூட்டு, எதிர்ல தண்டவாளம்" என்றாள் டோரதி டீச்சர். "லேட்டா வந்த பிள்ளையை உள்ளே விட்டுட்டு அப்புறம் வீட்டுக்காரங்களைக் கேக்கலாம்."

"அப்படி எளக்காரம் குடுத்துத்தாம்மா கெட்டுப் போச்சி. நாலு நாளு திருப்பி அனுப்பிப் பாருங்க, அஞ்சாவது நாளு கோழி கூவறப்பவே வந்து நிப்பாங்க."

தகப்பன்கள் கை தட்டினார்கள். பிள்ளையைக் காலையில் எழுப்பிப் பார்த்திராத கைகளுக்குத் தட்டுவதற்கு மட்டும் எங்கிருந்தோ பலம் வந்தது. சங்கிலி நிறைவேறியது.

ருக்குவுக்குக் கூட்டத்துக்குப் போக நேரமில்லை, டீச்சர் சொன்னதை மில்லில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அவளுக்கு மில்லில் நூல் சுற்றும் ரீலிங்கில் வேலை. சண்டை டைம் வந்த பிறகு கும்மிருட்டில் கிளம்பவேண்டியிருந்தது. செப்டம்பர் தூறல், எலும்பைக் கடிக்கிற குளிர். அடுத்த வீட்டு ஃபாத்திமா தொழுகைக்கு எழுந்து விளக்கேற்றுவாள், சுவரைத் தட்டி, "அக்கா, டைம் ஆச்சு" என்பாள். அதுதான் ருக்குவுக்கு இப்போது சங்கு. எழுந்து கேழ்வரகுக் களி கிளறி, கீரை மசித்து, ரமாவின் பாவாடையை மடித்துத் தலைமாட்டில் வைப்பாள். பர்மா அரிசி நின்றுபோனதிலிருந்து அந்த வீதியில் எல்லாருக்கும் களிதான். பிறகு கம்பளிக்குள் சுருண்டிருக்கும் புருஷனைத் தொட்டு எழுப்புவாள்.

"இன்னாங்க. ரமாவை ஜல்தி எழுப்பி ஒரு வாய் களி குடுங்க. மணி அடிக்கிறதுக்குள்ள கேட்டாண்ட கொண்டு போயி விடுங்க. உள்ள போறவரைக்கும் நில்லுங்க."

"பிரசிடெண்டுக்கே பாடம் சொல்றியா? போ போ, நான் பாத்துக்கறேன்" என்று கம்பளிக்குள்ளிருந்து பதில் வரும்.

ஒரு நாளில் அவள் அவனிடம் கேட்டது அந்த ஒரு வேலைதான். தண்ணீர் பிடிப்பது அவள், விறகுக்கு நிற்பது அவள், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் இடிபடுவது அவள். இரவு திரும்பி வந்து, "ரமா ஸ்கூலுக்குப் போச்சா?" என்று கேட்பாள். "போகாம?" என்பான். ரமா தலையைக் குனிந்துகொண்டு களியைத் தின்னும். ஒன்பது வயசு. வாய் பேசாத குழந்தை என்று அக்கம்பக்கத்தில் பேர். பாதம் எப்போதும் கரியாக இருந்தது. வழியெல்லாம் கரி என்று ருக்கு நினைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை, நன்றாக வெயில் ஏறின பிறகு சங்கு ஊதியது. இத்தனை நாள் ஊமையாகக் கிடந்தது வட்டியும் முதலுமாகச் சேர்த்து ஏறி ஏறி இறங்கி ஊளையிட்டது. மில்லில் தறிகள் நின்றன. எல்லாரையும் முற்றத்தில் வெட்டி வைத்திருந்த பள்ளத்துக்குள் இறக்கினார்கள். முழங்கால் வரை மழைத் தண்ணீர். ரீலிங் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி மேலே ஏறி, "எம் புள்ளை ஸ்கூல்ல கீதுடீ, நான் போறேன்" என்று புடவையை வரிந்து கட்டினாள்.

ருக்கு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? டீச்சர் சொன்னது மறந்துட்டியா? புள்ளைங்க உள்ள பெஞ்சுக்கு அடியில இருக்கும். நீ போயி கேட்டை இடிச்சா, இருக்கிற புள்ளையும் பயந்து வெளிய ஓடி வரும். உக்காரு."

"உனக்கு நெஞ்சு கல்லா?"

"எம் பொண்ணும் அங்கதான் இருக்குது. நான் உக்காந்துக்கினு இல்ல?"

அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சங்கு நிற்கும் வரை ருக்குவும் எழவில்லை. கடைசியில் அது வெறும் ஒத்திகை என்று தெரிந்தது. மேலே ஏறி வரும்போது, "நல்ல வேளை நீ நிறுத்துனே" என்று அந்தப் பெண் சொன்னாள். ருக்குவுக்கு அன்றைக்கு முழுக்க மனசில் ஒரு நிறைவு இருந்தது.

சாயந்திரம் பாய்க்கடையைத் தாண்டும்போது ரங்காவின் குரல் கேட்டது.

"சங்கு ஊதுனதும் அத்தினி பேரும் கேட்டாண்ட வந்து மோதறாங்க. நான் விடுவனா? சங்கிலியைப் புடிச்சிக்கினு நின்னேன். ஒருத்தனை உள்ள விடல. பிரசிடெண்டுன்னா சும்மாவா?"

அது பொய்யில்லை. நின்றிருந்தான். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

வீட்டில் ரமா மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாகவும் இல்லை, விளையாடின முகமாகவும் இல்லை. தலை பின்ன உட்காரவைத்தபோது ருக்குவின் கை பிசுக்கென்று ஒட்டியது. மயிரெல்லாம் கெட்டியான கறுப்பு மசி. ரவிக்கையின் முதுகில் ஒரு பட்டையாக இழுத்திருந்தது. மில்லு எண்ணெய் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

"எங்கடீ போயி பூசிக்கினு வந்தே?"

வெந்நீர் வைத்து, சீயக்காயும் சோடாவும் போட்டுத் தேய்த்தாள். சூட்டில் குழந்தைக்கு உடம்பு இளகிற்று, வாயும் இளகிற்று.

"சங்கு ஊதுச்சிம்மா. டீச்சர் சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்."

"இன்னா செஞ்சே?"

"குப்புறப் படுத்துக்கினு காதைப் பொத்திக்கினேன்."

"பெஞ்சுக்கு அடியிலதானே?"

"பெஞ்சு இல்லம்மா. நான் வெளியிலதானே இருந்தேன். கூட்ஸ் பொட்டி நின்னுக்கினு இருந்துச்சி. அதுக்கு அடியில."

ருக்குவின் கை தலையிலேயே நின்றுவிட்டது.

"அப்புறம் பொட்டி நவுந்துச்சி. நான் எந்திரிக்கல. சங்கு நிக்கிறவரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிகிறாங்க இல்ல? முதுவுல என்னமோ ஒரசிச்சி. எல்லாப் பொட்டியும் போனப்புறம் லைன் மாத்தற பாயிண்ட்ஸ்மேன் தாத்தா ஒருத்தரு வந்து, ‘ஏளு மகு, ஏளு’ன்னு, எந்திரி கொழந்தேன்னு கையைப் புடிச்சித் தூக்குனாரு. அவரு அழுதாரும்மா."

ருக்கு குழந்தையின் முதுகைத் தடவிப் பார்த்தாள். விலா, தோள், கால், விரல் ஒவ்வொன்றாகத் தடவினாள். எல்லாம் இருந்தது. தன் பெண் பத்திரம் என்று நம்பி, அடுத்தவளையும் பிடித்து உட்காரவைத்த நேரத்தில் இது நடந்திருக்கிறது. இன்னொரு சொம்பு வெந்நீர் எடுத்து ஊற்றினாள்.

"வெளிய ஏன்டி இருந்தே?"

"சங்கிலி போட்டுட்டாங்க."

"இன்னிக்கு மட்டுமா?"

குழந்தை வெந்நீரைக் கையால் அளைந்தது. "அப்பா எந்திரிச்சா தானே" என்றது.

ரங்கா வந்தான். கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். ருக்கு களியைத் தட்டில் வைத்துக் குழம்பு ஊற்றினாள். அவன் இரண்டு வாய் விழுங்கும் வரை சும்மா இருந்தாள். அதற்குள் அவன் சங்கிலிக் கதையை மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

"ரமாவை எத்தினி மணிக்கு அனுப்புனீங்க?"

"ஒம்போதுக்குத்தான். ஏன்?"

"எந்த ஒம்போது?"

களியை உருட்டின விரல் நின்றது. "எந்த ஒம்போதுன்னா? நம்ம ஒம்போது. சூரியன் சொல்ற ஒம்போது."

"ஸ்கூல்ல மணி அடிக்கிறது எந்த ஒம்போது?"

"அது வெள்ளைக்காரன் ஒம்போது. அவன் முள்ளைத் தள்ளி வச்சா நானும் தலையாட்டணுமா? நான் காங்கிரஸ்காரன். நம்ம வூட்டுல சுதேசி டைம்தான்."

நிஜமான காங்கிரஸ்காரர்கள் அப்போது ஜெயிலில் இருந்தார்கள். ரங்கா டீக்கடையில் இருந்தான்.

"சுதேசி டைமா" என்றாள் ருக்கு. "கள்ளுக்கடை எந்த டைமுல மூடறான்?"

"அது இன்னாத்துக்கு இப்போ?"

"சொல்லுங்க. ராத்திரி எட்டுக்கு மூடறானே, அது யாரு எட்டு?"

"அது வேற சமாச்சாரம்."

"போன வாரம் சோத்துல கை வச்சவரு அப்படியே எழுந்து ஓடுனீங்க. ‘புது டைமுல எட்டாவப் போவுது’ன்னு. துண்டு கூட எடுக்கல. அப்போ எங்க போச்சி சுதேசி?"

"பொம்பளைங்களுக்கு ராஜீயம், அரசியல் எல்லாம் புரியாது."

"புரியாதுதான். எனக்கு மணி பாக்கக் கூடத் தெரியாது. தெரிஞ்சவருன்னு உங்களை நம்புனேன். உங்க பொண்ணு இன்னிக்குக் கூட்ஸ் பொட்டிக்கு அடியில படுத்துக்கினு இருந்துச்சி. பொட்டி அது மேல போச்சி. பாயிண்ட்ஸ்மேன் ஒருத்தரு வந்து தூக்கி விட்டாரு. நீங்க சங்கிலியைப் புடிச்சிக்கினு எதிர்ல நின்னுக்கினு இருந்தீங்க."

அவன் ரமாவைப் பார்த்தான். முகம் ஒரு நொடி வெளுத்தது. அந்த ஒரு நொடி அவன் தகப்பனாக இருந்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த நொடியே கேட்டான்:

"பாயிண்ட்ஸ்மேன் யார்கிட்டயாச்சும் சொன்னானா?"

ருக்கு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி கிடப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள். இவன் நிஜமாகவே தூங்குகிறவன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவன். இவனையா இத்தனை வருஷம் எழுப்பிக்கொண்டிருந்தோம் என்று அருவருப்பாக இருந்தது. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. கோபம் வருவதற்கு எதிரில் ஒரு ஆள் இருக்கவேண்டும்.

மறுநாள் ஃபாத்திமா சுவரைத் தட்டியபோது ருக்கு மில்லுக்குக் கிளம்பவில்லை. ரமாவுக்கு வாரிப் பின்னி, களி ஊட்டிக் கூட்டிக்கொண்டு போனாள். ரங்காவும் வந்தான். அவனை யாரும் எழுப்பவில்லை. பாயிண்ட்ஸ்மேன் என்ன சொல்லியிருப்பானோ என்கிற பயம் எழுப்பிவிட்டது.

நினைத்த மாதிரியே பாயிண்ட்ஸ்மேன் கேட்டருகே நின்று டோரதி டீச்சரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தான். பிள்ளைகளை விட வந்தவர்கள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். ரமாவைக் கண்டதும் கிழவன் கைநீட்டி, "இதே மகு" என்றான். டீச்சரின் முகம் சுண்டிப் போயிற்று.

"ரமாவா? ரமாவுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே" என்று ரங்காவைப் பார்த்தாள். "பத்து நாளா வரலையே, ஏன்னு உங்ககிட்டதானே கேட்டேன்? விஷக்காய்ச்சல், வெளியே விடலைன்னு சொன்னீங்க."

ருக்குவுக்கு இது புது சேதி. ரங்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"காய்ச்சல் இருந்துச்சி, வுட்டுப் போச்சிம்மா. நேத்துதான் அனுப்பினேன். அனுப்புனது கரெக்ட் டைமுக்கு. வழியில அது எங்க போச்சோ."

டோரதி டீச்சர் குனிந்து ரமாவின் தோளில் கைவைத்தாள். "நீ சொல்லும்மா. ஏன் லேட்டு?"

ரமா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"அப்பா டைமுக்குத்தான் அனுப்புனாரு, டீச்சர். நான்தான் கரி பொறுக்கப் போயிட்டேன்."

அந்த இடத்தில் ஒரு தகப்பன் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் வேண்டும்? இல்லை, பிள்ளை மேல் தப்பில்லை, நான் தூங்கிவிட்டேன் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ருக்கு காத்திருந்தாள். கடைசியாக ஒரு தடவை அவனுக்காகக் காத்திருந்தாள். ரங்காவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"பாத்தீங்களா, புள்ளையே ஒத்துக்கிச்சி. இதுக்குத்தான் சொல்றேன், வூட்டுல என்னதான் ஒழுங்கா வளத்தாலும் சேர்க்கை சரியில்லைன்னா கெட்டுப் போவுது. எம் பொண்ணுன்னு நான் பாக்க மாட்டேன். முட்டி போட வைங்க, டீச்சர். நாலு பேருக்குப் புத்தி வரட்டும்."

"முட்டி போடறது இருக்கட்டும்" என்றாள் ருக்கு. சத்தம் போடவில்லை, மில்லுக் கூடத்தில் பேசுகிற மாதிரி தெளிவாகப் பேசினாள். "அது பொய் சொல்லுது, டீச்சர். அவங்கப்பனைக் காப்பாத்துறதுக்கு. நான் விடியறதுக்கு முன்னாலயே மில்லுக்குப் போயிடறேன். இவரு எந்திரிக்கறதே நீங்க சங்கிலி போட்டப்புறம்தான். காய்ச்சல் ஒண்ணும் இல்ல. நீங்க இவரை விசாரிச்சதும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்காதது என் தப்பு."

சங்கிலிக்குக் கை தட்டிய தகப்பன்கள் தங்கள் பிள்ளைகளின் பையைச் சரி செய்தார்கள். டோரதி டீச்சர் நேராக நிமிர்ந்தாள்.

"இந்தச் சங்கிலி இனிமே இந்தக் கேட்டுல இருக்காது. தீர்மானம் போட்டவங்க இன்னொரு தீர்மானம் போட்டுக்கட்டும். லேட்டா வர்ற பிள்ளை உள்ளே வரும், நான் அந்த வீட்டுக்கு வருவேன்." பிறகு ருக்குவின் பக்கம் திரும்பினாள். "நீங்க வேலைக்குப் போகணும். நாளையிலிருந்து ரமாவை யார் கொண்டு வந்து விடுவாங்க? எனக்கு ஒரு பேர் வேணும்."

"நான்தான், வேற யாரு?" என்றான் ரங்கா. "தகப்பன் இருக்கறப்போ."

"ஃபாத்திமா" என்றாள் ருக்கு. "எங்க அடுத்த வூடு. இந்த வழியாத்தான் அவ புள்ளைங்களை உருது ஸ்கூல்ல விடப் போறா. ராத்திரியே கேட்டுட்டேன். ரமா உள்ள போறவரைக்கும் அவ நின்னு பாப்பா. வரலைன்னா அவகிட்ட கேளுங்க, என்கிட்ட கேளுங்க. வேற யாரையும் கேக்காதீங்க."

"அப்போ நான் இன்னா செய்யறது?" என்றான் ரங்கா. கேலியாகக் கேட்க நினைத்தான் போலிருக்கிறது, குரல் கெஞ்சலாக வந்தது.

ருக்கு ரமாவின் பாவாடையில் ஒட்டியிருந்த களியைச் சுரண்டிவிட்டு அவளை உள்ளே அனுப்பினாள். குழந்தை வகுப்பறைக்குள் போய் உட்காரும் வரை கேட்டில் நின்று பார்த்தாள். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்றே சொல்லி வந்தவள் அவள்.

"நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு மில்லுக்கு நடந்தாள்.